வர்ணனையாளர் காதுக்கு என்ன போகிறது? கமென்ட்ரி பெட்டி வாங்கும் முன்

மாவட்ட அளவிலான ஒரு கபடிப் போட்டி. இரவு ஒன்பது மணி இருக்கும். ரெய்டர் ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார், கேலரி மொத்தமும் எழுந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் வர்ணனையாளர் ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டார். என்னவோ ஏதோ என்று எங்கள் ஒளிபரப்பு வேனிலிருந்து ஓடினேன். "தம்பி, நான் பேசுறது எனக்கே கொஞ்சம் கழிச்சுக் கேக்குது. நாக்கு குழறுது, என்னால முடியல" என்றார். இருபது வருடமாக மைக் பிடிக்கிறவர். தவறு என்னுடையது. அவர் குரலும் கலந்திருந்த நிகழ்ச்சி ஒலியை, படத்தோடு ஒத்துப்போவதற்காகத் தாமதப்படுத்திய இடத்திலிருந்து எடுத்து அவர் காதுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி நொடி. ஐந்து ஃபிரேம் தாமதம் சேர்ந்தால் 200. தன் குரலையே அந்த அளவு தாமதத்தில் கேட்கும் யாருக்கும் பேச்சு தடுமாறும். அவருடைய அனுபவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து, கமென்ட்ரிக்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் மைக்கை விட்டுவிட்டு முதலில் காதைப் பற்றித்தான் கேட்கிறேன். யூடியூபிலும் லோக்கல் கேபிளிலும் கபடி, கிரிக்கெட், வாலிபால் என்று நேரலை செய்யும் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கேமராவுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் வர்ணனை மேசையில் ஒரு கை மைக்கை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தம். படமே இல்லாமல், ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் குரலை மட்டும் கேட்டு மைதானத்தைக் கண்முன் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு மரபு உள்ள மொழியில் வர்ணிக்க வருகிறவருக்கு, ஒழுங்காகக் கேட்கிற ஒரு ஹெட்செட் கொடுப்பது நம் கடமை.

சரி, வர்ணனை மேசையில் உண்மையில் என்னென்ன நடக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு ஹெட்செட், ஆளுக்கு ஒரு மைக் வழி. இருமல் வந்தால் அழுத்த ஒரு பட்டன். அழுத்தியிருக்கும் வரை மைக் ஒளிபரப்புக்குப் போகாது. இயக்குநரோடு தனியாகப் பேச இன்னொரு பட்டன், அதற்குப் பெயர் டாக்பேக். "ரீப்ளே இருக்கா?" என்று அதில் கேட்பது நேயர்களுக்குப் போகவே கூடாது. காதில் மூன்று விஷயங்கள் வேண்டும்: தன் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும், மைதானச் சத்தம், இயக்குநரின் குரல். இந்த மூன்றுக்கும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் தனித்தனித் திருகு இருக்க வேண்டும். கேட்பது அவர் காது, அளவை அவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, வேனிலிருந்து திரும்பி வரும் நிகழ்ச்சி ஒலியில் அவர் குரல் மட்டும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒலிக்காரர்கள் மிக்ஸ் மைனஸ் என்று சொல்வது இதைத்தான். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த வேலை உங்கள் மிக்சரில்தான் நடக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இவ்வளவையும் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டாவதற்குள் ஒரு குறுக்கு வழியும் உண்டு.

முதல் வழி பழையது. மேசையில் ஒரு சின்ன அனலாக் மிக்சர், ஒரு ஹெட்போன் ஆம்ப், இருமலுக்குக் கால் மிதியோ கை பட்டனோ, அங்கிருந்து வேன் வரைக்கும், பல ஜோடிக் கம்பிகள் ஒன்றாக உள்ள மல்ட்டிகோர் கேபிள். தாமதம் என்ற பேச்சே இல்லை. கெட்டுப்போனால் சால்டரிங் தெரிந்த யாரும் சரிசெய்யலாம். உதிரிகள் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். முப்பது நாற்பது மீட்டர் தூரம், இரண்டு பேர், வருடத்துக்கு நாலு போட்டி என்றால் இதற்கு மேல் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

சிக்கல், கேபிள் நீளும்போதும் திரும்பி வரும் வழிகள் கூடும்போதும் தொடங்குகிறது. இரண்டு மைக், இரண்டு டாக்பேக், திரும்பி வர நிகழ்ச்சி ஒலி ஒன்று, இயக்குநர் குரல் ஒன்று. அப்போதே ஆறு ஜோடிக் கம்பி. மூன்றாவது ஆளாக ஒரு முன்னாள் வீரர் விருந்தினராக வந்து உட்கார்ந்தால் எட்டு. அப்புறம் கரன்ட். எங்களுக்கு ஒருமுறை மேசைக்கு மண்டபத்து ஈபி லைனும் வேனுக்கு ஜெனரேட்டரும் அமைந்துவிட்டன. இரண்டின் எர்த்தும் ஒன்றல்ல. மாலை முழுவதும் வர்ணனைக்கு அடியில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தது. எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். உயிருக்கு ஆபத்தான யோசனை, ஒருபோதும் செய்யாதீர்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகுதான் சத்தம் நின்றது. அனலாக் வழியில் போகிறவர்கள் பையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் வைத்திருங்கள்.

இரண்டாவது வழிதான் என் மனசுக்கு நெருக்கமானது: நெட்வொர்க் கமென்ட்ரி பெட்டி. டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, அதன் முதுகில் சாதாரண நெட்வொர்க் கேபிள் ஒன்று. மின்சாரமும் அந்தக் கேபிளிலேயே வந்துவிடுவதால் மேசையில் அடாப்டர் வேண்டாம், மண்டபத்து ப்ளக் பாயின்ட்டை நம்ப வேண்டாம். முந்தைய கதையில் வந்த ரீங்காரத்துக்கும் பெரும்பாலும் வழியில்லை. ஆறோ எட்டோ ஜோடிக் கம்பி செய்த வேலையை இந்த ஒரு கேபிள் செய்யும், அதுவும் இரண்டு திசையிலும். கிளென்சவுண்டின் இன்ஃபெர்னோ, ஸ்டூடியோ டெக்னாலஜிஸின் 200 வரிசைப் பெட்டிகள், மூன்று பேர் வரை அமரக்கூடிய ஏஇக்யூ ஒலிம்பியா 3 எல்லாம் இந்த வகை. இருமல் பட்டன், டாக்பேக் பட்டன், காதுக்கான திருகுகள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். முக்கியமாக, வர்ணனையாளரின் சொந்தக் குரல் பெட்டிக்குள்ளேயே திரும்பி அவர் காதுக்குப் போகிறது. நெட்வொர்க்கைச் சுற்றி வருவதில்லை. என் கபடி இரவு மறுபடி நடக்காமல் இருக்க இதுவே பாதி மருந்து.

இவற்றில் பெரும்பாலானவை பேசும் மொழி டான்டே, அதாவது நெட்வொர்க் கேபிளில் ஒலியை அனுப்பும் ஒரு முறை. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கியது. இன்றைய டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் டான்டே உள்ளேயே இருக்கிறது, இல்லாதவற்றில் பலவற்றுக்குத் தனி அட்டை கிடைக்கிறது. 2013-ல் வெளியான ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரமும் உண்டு. வேறு வேறு நிறுவனங்களின் நெட்வொர்க் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது பாலம். உங்களிடம் எல்லாமே டான்டே என்றால் ஏஇஎஸ்67 பக்கம் போகவே வேண்டாம். அதை இயக்கினால் ஒலி மல்ட்டிகாஸ்ட்டாக எல்லா வயரிலும் பரவும், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டியான ஸ்விட்சில் அதைக் கட்டுப்படுத்தும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைச் சரியாக அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஓபி (வெளிப்புற ஒளிபரப்பு) வேனோடு இணையும் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. ஆனால் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

முதல் இடம் ஸ்விட்ச். கிகாபிட் ஸ்விட்ச், பெட்டிக்கு மின்சாரம் தரும் பிஓஈ வசதியோடு. மின் சிக்கனத்துக்காக போர்ட்டை அவ்வப்போது உறங்கவைக்கும் வசதி சில ஸ்விட்சுகளில் உண்டு, பசுமை ஈதர்நெட் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். அதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அணைக்க வழியில்லாத ஸ்விட்ச் என்றால் வாங்காதீர்கள். நெட்வொர்க் ஒலியில் எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடுகின்றன. போர்ட் தூங்கி எழும்போது அந்தத் துடிப்பு தடுமாறும், டிக் டிக் என்று சத்தம் வரும். நான் ஒரு முழுப் பயிற்சி ஆட்டம் முடியும்வரை ஹெட்செட்டைக் குறை சொல்லிக்கொண்டு, மூன்று ஹெட்செட் மாற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.

இரண்டாவது, அந்த நெட்வொர்க்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். நேரலை போகும் இன்டர்நெட் ரவுட்டர் வேறு, ஒலி ஸ்விட்ச் வேறு. யாராவது வந்து "அண்ணா, இதுல ஒரு வைஃபை மாட்டிக்கவா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்விட்சுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினால் அனலாக் மிக்சர் உடனே எழுந்துவிடும். ஸ்விட்ச் எழுந்து, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, பெட்டி எழுந்து, கடிகாரம் ஒத்துப்போவதற்குள் கபடியில் ஒரு ரெய்டின் 30 நொடி முழுசாகப் போய்விடும்.

மூன்றாவது, இலவசமாகக் கிடைக்கும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருள். கணினியை அதே ஸ்விட்சில் சொருகினால் கருவிகளெல்லாம் தாமாகவே பட்டியலில் வரும். முகவரி கொடுக்க ஒருவரும் இல்லையென்றால் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கட்டம் போட்ட பலகையில் எது எங்கே போக வேண்டுமோ அங்கே ஒரு சொடுக்கு, பச்சைக் குறி வந்தால் வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முன் பெயர் வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் எண்களும் எழுத்துகளும் அவசரத்தில் யாருக்கும் புரியாது. மேசை1-மைக், மேசை1-டாக்பேக், மேசை2-மைக் என்கிற அர்த்தத்தில் வையுங்கள். பெயரை முதலில் வைத்துவிட்டு அப்புறம் இணைப்புகளைப் போடுங்கள், பிறகு மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும். எல்லாக் கருவிகளின் சாம்பிள் ரேட்டும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேனில் இருக்கும் மிக்சரையே கடிகாரத் தலைவனாக வையுங்கள். மேசையில் இருக்கும் பெட்டி தலைவனாகி, யாரோ ஒருவர் கால் இடறி அதன் கேபிள் கழன்றால், வேறு கருவி அந்தப் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்தான். ஆனாலும் போட்டி நடுவே அந்த மாற்றம் எதற்கு?

நான்காவது, தூரம். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக்கோட்டைச் சுற்றி இழுத்தால் அந்த நூறு சுலபமாகத் தாண்டிவிடும். அங்கே ஃபைபர், அல்லது நடுவில் இன்னொரு ஸ்விட்ச். எதுவானாலும் இரண்டாவது கேபிள் ஒன்றைப் பக்கத்திலேயே இழுத்துவையுங்கள். கேலரி சரிந்து மக்கள் உள்ளே ஓடிவரும் அரையிறுதி இரவில் அந்தக் கேபிளின் அருமை தெரியும்.

தாமதம்? டான்டே வழக்கமாக வரும் அமைப்பில் 1 மில்லி நொடி. ஒலி காற்றில் ஒரு அடியைக் கடக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதே. மனிதக் காதுக்கு அது ஒன்றுமே இல்லை.

குறை, விலைதான். இறக்குமதி வரியோடு ஒரு பெட்டி ஒரு லட்ச ரூபாயைத் தொடும், பல மாடல்கள் தாண்டும். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பெட்டி வேண்டும். உள்ளே பழுதானால் உள்ளூரில் திறந்து பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் குழுவில் நெட்வொர்க் புரிந்தவர் ஒருவராவது மைதானத்துக்கு வருவாரா என்பது. வரமாட்டார் என்றால் வாங்காதீர்கள்.

இங்கேதான் முன்பு சொன்ன குறுக்கு வழி. மேசையில் பழைய அனலாக் மிக்சரும் ஹெட்போன் ஆம்பும் அப்படியே இருக்கட்டும். அங்கிருந்து வேனுக்குப் போகும் மல்ட்டிகோருக்குப் பதிலாக ஏவியோ என்ற விரல் நீள டான்டே அடாப்டர்கள், உள்ளே போக இரண்டு வழி ஒன்று, வெளியே வர இரண்டு வழி ஒன்று. இவையும் ஸ்விட்சிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒன்றை மறக்காதீர்கள்: அவை மிக்சரிலிருந்து வரும் பலமான, லைன் அளவு ஒலிக்குத்தான், மைக்கை நேராகச் சொருகினால் முணுமுணுப்புதான் வரும், சில மைக்குகளுக்குத் தேவைப்படும் ஃபான்டம் மின்சாரமும் கிடையாது. மிக்சர் நடுவில் இருப்பதால் அது பிரச்சினையில்லை. வர்ணனையாளர் காதில் கேட்கும் சொந்தக் குரல் மிக்சரிலேயே திரும்பிவிடுவதால் தாமதமும் இல்லை. பெட்டியின் விலையில் ஒரு பகுதியிலேயே நீளக் கேபிள் தொல்லை தீர்ந்துவிடும். டாக்பேக் பட்டன் மட்டும் கொஞ்சம் கைவேலை.

இதே சிக்கனத்துக்காகச் சிலர் லேப்டாப்பையே டான்டே கருவியாக்கும் டான்டே வர்ச்சுவல் சவுண்ட்கார்டு மென்பொருளும் மைக் சொருக ஒரு யுஎஸ்பி பெட்டியும் வைத்துப் பார்க்கிறார்கள். பதிவு செய்ய நல்ல ஏற்பாடு. வர்ணனைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மென்பொருளின் தாமதம் மிகக் குறைத்தாலும் 4 மில்லி நொடி, யுஎஸ்பி பெட்டி தன் பங்குக்குச் சேர்க்கும், போகவும் வரவும் இரண்டு முறை. சொந்தக் குரல் அந்த வழியாகத் திரும்பினால், எலும்பு வழியே நேராகக் கேட்கும் குரலோடு மோதி, குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். பத்து நிமிடம் பொறுக்கலாம். நாலு மணி நேரப் போட்டிக்கு எந்தத் தொண்டையும் தாங்காது, ஏனென்றால் குரல் சரியாகக் கேட்காதவர் தன்னையறியாமல் கத்த ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவது வழி, வர்ணனையாளர் மைதானத்துக்கே வராமல் இன்டர்நெட் வழியாகப் பேசுவது. காம்ரெக்ஸ், டைலைன் போன்ற ஐபி கோடெக் பெட்டிகள் இருக்கின்றன, பிரௌசரிலேயே ஓடும் கிளீன்ஃபீட் இருக்கிறது. பலவும் ஓபஸ் என்ற குறைந்த தாமத முறையைப் பயன்படுத்தலாம், குரல் தரம் நன்றாகவே இருக்கும். மதுரையில் உட்கார்ந்து திருநெல்வேலிப் போட்டியைச் சொல்லலாம், பயணச் செலவு இல்லை. கேட்க அழகாக இருக்கிறது.

ஆனால் படம் அவருக்குப் போய்ச்சேர ஒரு நொடி, அவர் குரல் திரும்பி வர இன்னும் கால் நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் இருக்கும் மிக்சரில் அந்தக் குரலை அப்படியே சேர்த்தால், நடுவர் விசில் ஊதி, கூட்டம் ஆர்ப்பரித்து முடிந்த பிறகு "மாட்டிக்கொண்டார்!" என்று வரும். நேயருக்கு அது செத்த வர்ணனை. படத்தையும் மைதானச் சத்தத்தையும் அதே ஒன்றேகால் நொடி தாமதப்படுத்திச் சரிக்கட்டலாம், ஆனால் இன்டர்நெட்டின் வேகம் மாற மாற அந்த அளவு நிலையாக நிற்காது. நான் கண்ட எளிய தீர்வு ஒன்றுதான்: படத்தை எங்கே உட்கார்ந்து பார்க்கிறாரோ, குரலையும் அங்கேயே சேருங்கள். மைதானத்திலிருந்து படமும் கூட்டத்தின் சத்தமும் ஒன்றாக அவர் இருக்கும் ஸ்டூடியோவுக்கு வரட்டும், அங்கே குரலைக் கலந்து அங்கிருந்தே நேரலை போகட்டும். அப்போது எல்லாம் தானாகவே பொருந்தும். அப்படி ஒரு ஸ்டூடியோ வைத்து ஒரே வாரத்தில் பல ஊர்ப் போட்டிகளைச் செய்கிறவர்களுக்கு மூன்றாவது வழி அருமையானது. ஒரு ஊரில் ஒரு போட்டி செய்கிறவர்களுக்கு அல்ல. அதோடு, மேசையில் உட்கார்ந்திருப்பவர் கேமரா காட்டாததையும் பார்க்கிறார்: வெளியே உட்கார்ந்திருக்கும் வீரர் காலில் ஐஸ் வைத்திருப்பது, கோச் விரலைக் காட்டி எதையோ சொல்வது. இதை இழக்க எனக்கு மனமில்லை.

ஆக, எதை வாங்குவது? வருடத்துக்குச் சில போட்டிகள், சின்ன மைதானம் என்றால் அனலாக்; மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்செட். கையில் டான்டே உள்ள டிஜிட்டல் மிக்சர் ஏற்கனவே இருந்து, மைதானம் பெரிதாகிக்கொண்டே போனால் முதலில் ஏவியோ. சீசன் முழுக்க வேலை, மூன்று பேர் வர்ணனை, இயக்குநர் தனியாகப் பேச வேண்டிய நிலை என்றால் நெட்வொர்க் பெட்டி, யோசிக்கவே வேண்டாம். எங்கள் குழு இந்தக் கடைசி நிலையில் இருந்தது, பெட்டிதான் வாங்கினோம்.

ஹெட்செட் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. காதை முழுசாக மூடும், டைனமிக் மைக் உள்ள ஹெட்செட்டே வேண்டும். ஆடியோ-டெக்னிகா பிபிஎச்எஸ்1, பேயர்டைனமிக் டிடி 290 இரண்டும் வருடக்கணக்காக உழைப்பவை. மைக் வாயின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். வாய்க்கு நேர் எதிரே இருந்தால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். கண்டன்சர் மைக் உள்ளதை வாங்கினால் பின்னால் அடிக்கும் பறைச் சத்தமும் பட்டாசும் வர்ணனைக்குச் சமமாக உள்ளே வரும். வாங்குவதற்கு முன் பின்னைப் பாருங்கள். நாலு பின் எக்ஸ்எல்ஆர் என்றால் அது பெரும்பாலும் இன்டர்காமுக்கானது, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் வரும். இடது காதில் மைதானம், வலது காதில் இயக்குநர் என்று பிரிக்க அது உதவாது.

பெட்டியை முதலில் ஒரு போட்டிக்கு வாடகைக்கு எடுங்கள். போட்டி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வர்ணனையாளர்களை உட்காரவைத்து, சாதாரணமாக அல்ல, கடைசி நிமிட ரெய்டில் எப்படிக் கத்துவார்களோ அப்படிக் கத்தச் சொல்லி மைக் அளவை வையுங்கள். ஒவ்வொரு பட்டனையும் அவர்களே அழுத்தட்டும். டாக்பேக்கை அழுத்திப் பேசும்போது வேனில் ஒளிபரப்பு ஒலியைக் கேட்டுக்கொண்டே இருங்கள், அதில் ஒரு எழுத்துகூட வரக்கூடாது. அந்தக் கபடி இரவில் ஹெட்செட்டைக் கழற்றிவைத்த எங்கள் பெரியவர் புதுப் பெட்டியின் முன் முதல் நாள் உட்கார்ந்தபோது, இயக்குநர் குரலைப் பாதியாகக் குறைத்தார், கூட்டத்தின் சத்தத்தை நான் துணியாத அளவுக்கு ஏற்றினார். "இப்பதான்ப்பா மைதானத்துல உக்காந்திருக்கேன்" என்றார்.